வாயுக் கணக்கு

கட்டாரிலிருந்து மைத்துனன் அனுப்பிய மெஷின்
களுவாஞ்சிகுடிக்கு வந்து சேர்ந்தது,
பால்மா டின்னுக்கும் சம்பூ போத்தலுக்கும் நடுவே
துவாயில் சுற்றி.
தண்ணீரை வை, பித்தானை அழுத்து,
பூனை சீறுவதுபோல் ஒரு சத்தம்.
அவ்வளவுதான் சோடா.

நான் கணக்குப் பதிகிறவன்,
கூட்டுறவுச் சங்கத்தில் பதினெட்டு வருடம்.
கொப்பி ஒன்று எடுத்தேன்.
இடப்பக்கம் கடைச் சோடாவின் விலை.
வலப்பக்கம் தேசிக்காய், சீனி,
கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு பூச்சியம்.
முதல் மாதம் இலாபம்.
கீழே இரண்டு கோடு இழுத்தேன்.

இரண்டாம் மாதம் சிலிண்டர் தீர்ந்தது.
கல்முனையில்
தீயணைக்கும் குழாய்களுக்கு வாயு நிரப்புகிற சப்றாஸ்
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ரெண்டும் ஒரே காத்துத்தான்.
ஆனா நான் அடைக்கிறது எரியிற வீட்டுக்கு,
குடிக்கிற ஆக்களுக்கில்ல."
பஸ் காசு, இரண்டு பிளேன்டீ, அரைநாள் லீவு.
வலப்பக்கம் கனத்தது.

உடம்புக்கு நல்லதா என்பதற்கு
வேறொரு பக்கம் ஒதுக்கியிருந்தேன்.
யோகவதியின் கிளினிக் கொப்பியில்
வெறுவயிற்றுச் சீனி நூற்றைம்பத்தெட்டு.
கடைச் சோடாவுக்குள் கரண்டி போனதை
நாங்கள் கண்டதில்லை.
வீட்டுச் சோடாவில் கண்முன்னே போனது.
ஒன்று, இரண்டு.
மூன்றாவதில் என் கையைப் பிடித்தாள்.
நான்காவதில் பிடித்தவளே விட்டாள்.
நம் கையால் போட்டதென்று
சீனி எந்தச் சலுகையும் தரவில்லை.

மறுகா இஞ்சி.
பேக்கரியில் ஒரு சரை ஈஸ்ட் வாங்கி,
சாறு பிழிந்து,
ஆறு கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி
குசினி மூலையில் வைத்தோம்.
தானாகவே பொங்கும்,
சப்றாசும் வேண்டாம் சிலிண்டரும் வேண்டாம்.

மூன்றாம் இரவு, இரண்டரை மணிக்கு
முதல் போத்தல் வெடித்தது.

கட்டிலிலிருந்து எப்போது இறங்கினோம், தெரியாது.
சீமெந்துத் தரையில் குப்புற,
காதைப் பொத்தி, வாயைச் சற்றே திறந்து.
ஆறாம் வகுப்பில் எங்களுக்கு
அப்படித்தான் காட்டித் தந்தார்கள்.
இரண்டாவது.
கொஞ்சம் விட்டு மூன்றாவதும் நான்காவதும்.
அவள் கை என் முதுகை அழுத்தியது,
தரைக்குக் கீழேயும்
இடமிருக்கிற மாதிரி.

டோர்ச்சோடு வந்து நின்றாள் மகள்,
இரண்டாயிரத்துப் பதினொன்றில் பிறந்தவள்.
"ரெண்டு பேரும் என்ன தேடுறீங்க?"

நான் கட்டிலுக்கடியில் கைவிட்டுத் துழாவினேன்.
"செருப்பு," என்றாள் யோகவதி.

விடிந்தபோது
குசினிக் கூரையில் கண்ணாடித் துண்டு,
மிக்ஸிக்குப் பின்னால் எறும்பு ஊர்வலம்.
ஐந்து உடைந்திருந்தன; ஐந்தாவது
எப்போதென்று இருவருக்கும் நினைவில்லை.
மதிலுக்கு அப்பால் கந்தப்போடியார் வீட்டில்
விடியும்வரை லைட் எரிந்தது.
அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மிஞ்சிய ஒன்றைச் சாக்கில் சுற்றி
முற்றத்துக்குக் கொண்டுபோய்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு திறந்தேன்.
மகள் குடித்துவிட்டு மூக்கைச் சுருக்கினாள்.
"கடைச் சோடாவ விட நல்லாக்கிடக்கு.
ஆனா கண்ணாடியில அடைச்சது பிழை.
பிளாஸ்டிக்கெண்டா வெடிக்க முதல்
வீங்கிக் காட்டும்."

கொப்பியில் 'போத்தல் 5, நட்டம்' என்று எழுதினேன்.
மற்றதற்கு நிரல் இல்லை.
யோகவதி இப்போது தேசிக்காயும் உப்பும் போட்டு
குமிழி இல்லாமலே குடிக்கிறாள்.
மெஷின் பிரிட்ஜுக்கு மேல், அதே துவாய்க்குள்.

மகள் விடவில்லை.
படுக்கப் போகுமுன் குசினிக்குப் போய்
ஒவ்வொரு போத்தலாக விரலால் அமுக்கிப் பார்த்து,
மூடியைக் கொஞ்சம் திருகி,
சீறவிட்டு, மறுபடி இறுக்குகிறாள்.
நாங்கள் அறைக்குள் படுத்தபடி
எண்ணிக்கொண்டிருக்கிறோம்.
ஆறும் முடிந்தபிறகுதான்
யோகவதி மற்றப்பக்கம் திரும்புவாள்.

நாளைக்குச் சந்தைக்குப் போனால்
இஞ்சி என்ன விலை என்று
கேட்டு வரச் சொல்லியிருக்கிறாள் பிள்ளை.